நிரலாக்கம் கணித மாணவரின் தனியுடைமையா?

கணினித் துறை சாராத மாணவருக்கு நிரலாக்க அறிமுகம் ஒரு விருப்பப் பாடமாக வழங்கப்படும் ஒவ்வோராண்டும், அதனை எடுப்பதா விடுப்பதா என்னும் வினா எழுகின்றது. வினா எழுவதில் தவறில்லை. அதற்கு வழக்கமாக அளிக்கப்படும் விடையே தவறானது. மன்னார்த் தீவிலோ, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை எனத் தெற்கு நோக்கிச் செல்லும் பெருநிலக் கரையிலோ பிறந்து வளர்ந்து, கலைப்பீடத்திற் புவியியலோ பொருளியலோ பயிலவந்த மாணவி ஒருத்தி இதனை மூத்தோரிடம் கேட்பாளாயின், அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே விடைதான்: "வீணாகத் தரப்புள்ளியைக் கெடுத்துக்கொள்ளாதே, தங்கச்சி, அது கணிதக்காரரின் பாடம்." ஆலோசகராக நியமிக்கப்பட்ட விரிவுரையாளரும் இதனையே சற்று நாகரிகமான சொற்களிற் கூறி அனுப்பிவிடுவர். மாணவியின் நலங்கருதிய அறிவுரைபோலத் தோன்றும் இவ்விடை, உண்மையில், அவளை வாழ்நாள் முழுவதும் கருமபீடத்தின் வெளிப்புறத்தில் நிறுத்திவைக்கும் விடையாகும்.

இதற்கு நேரெதிரான கூட்டமொன்றும் உண்டு. நிரலாக்கம் கற்றவர் எவராயினும் கொழும்பிலே பெருஞ்சம்பளம் பெறலாமென்றும், வெளிநாட்டுக் கம்பனிகள் வீடு தேடி வருமென்றும் விளம்பரஞ் செய்யும் தனியார் வகுப்புக்காரர் அக்கூட்டத்தினர். பதினைந்து வார அறிமுகப் பாடமொன்று எவரையும் மென்பொருட் பொறியியலாளர் ஆக்குவதில்லை. அந்த ஆசையை முன்னிட்டு அதனை எடுப்பவர் ஏமாற்றமடைவர் என்பதிற் சந்தேகமில்லை. மூத்த மாணவரும் வகுப்புக்காரரும் ஒருவரையொருவர் மறுப்பினும், இரு திறத்தாரும் ஒரு கருத்தில் உடன்படுகின்றனர்: நிரலாக்கம் என்பது ஒரு தொழில், அத்தொழிலுக்குச் செல்வோர்க்கே அது உரியது என்பதே அக்கருத்து. பிழையின் வேர் இங்கேயே உள்ளது.

நிரலாக்கம் என்பது யாது? ஒரு காரியத்தைச் செய்து முடிப்பதற்கான படிகளை, இடையில் எவரும் ஊகித்து நிரப்பவேண்டாதவாறு, ஒழுங்குபட எழுதிவைத்தல். அதனை இயந்திரம் நிறைவேற்றுவது அதற்கு அடுத்த நிலையில் நிகழ்வது. படிமுறை வகுக்கும் இவ்வறிவு மன்னார்க் கரைக்குப் புதியதன்று. 'சலாபம்' என வழங்கிய முத்துக்குளிப்பு முழுவதும் இத்தகைய படிமுறைகளாலேயே நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரிச்சுக்கட்டியிற் கூடிய பெருஞ் சலாபங்களிலே, கரைசேர்ந்த சுழியோடிகள் 'கொட்டு' என்னும் பெரிய அடைப்பினுள் தம் சிப்பிகளைக் கொண்டுசென்று மூன்று சமகுவியல்களாகப் பிரிப்பர். அவற்றுள் இரண்டினை அரசுக்கென உத்தியோகத்தர் தெரிந்தெடுப்பார். எஞ்சியது சுழியோடிகளுக்கு உரியது. பிரிப்பவர் வேறு, தெரிபவர் வேறு. எந்தக் குவியல் எவர்பாற் போகும் என்பது முன்கூட்டித் தெரியாமையால், குவியல்களைச் சமமாக்குவதே பிரிப்பவருக்கு நன்மை. கண்காணிப்பின்றியே ஏமாற்றைத் தடுக்கும் விதி அது. கடலினுள் மூச்சடக்கி உழைத்தவனுக்கு மூன்றிலொரு பங்கும், கரையில் நின்றவர்க்கு இரண்டு பங்கும் என்பது நியாயமா என்பது வேறு வினா. ஆயினும் அந்த அநியாயத்தைச் சுழியோடி தன் இரு கண்களாலும் கண்டான். அதன் அளவை அறிந்தான். அதுபற்றிப் பேசவும் அவனால் முடிந்தது.

முத்துக்களை மதிப்பிட்ட முறை இன்னும் நுணுக்கமானது. வணிகர் முதலில் முத்துக்களைத் துளையிட்ட பித்தளைக் கிண்ணங்களிலே சலித்துத் தரம் பிரித்தனர். 'பெட்டி' எனப்பட்ட அக்கிண்ணங்கள் பத்து. இருபது துளைகளுடைய கிண்ணத்திலிருந்து ஆயிரந் துளைகளுடைய கிண்ணம்வரை துளையின் எண்ணிக்கையே கிண்ணத்தின் பெயராயிற்று. துளை பெருகப் பெருக அதன் அகலம் சிறுகும். இவ்வாறு பிரித்தபின், ஒவ்வொரு தரத்தையும் மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து, அவ்வெடையை அவ்வெடையாலேயே பெருக்கி, அதன் முக்காற் பங்கை முத்துக்களின் எண்ணிக்கையால் வகுத்து வரும் தொகையைச் 'செவ்வு' என்று கொண்டனர். விலை செவ்வின்மீதே பேசப்பட்டது. பெரிய முத்து அரியது. ஆதலின் எடை இரட்டித்தால் மதிப்பு நான்மடங்காக வேண்டும் என்பது இவ்வாய்பாட்டின் உட்கருத்து.

சலிக்கும் படியைத் தவிர்த்து எல்லா முத்துக்களையும் ஒன்றாக நிறுத்தால் என்ன நேரும்? ஒரு மஞ்சாடி முத்தொன்றும் மூன்று மஞ்சாடி முத்தொன்றும் இருப்பதாகக் கொள்வோர் கணக்கிட்டுப் பார்க்கலாம். தனித்தனியே மதித்தால் முதலாவது முக்காற் செவ்வு, இரண்டாவது ஆறே முக்காற் செவ்வு, ஆக ஏழரை. இரண்டையும் சேர்த்து நிறுத்தால் நான்கு மஞ்சாடி. அதன் வர்க்கம் பதினாறு. முக்காற் பங்கு பன்னிரண்டு. இரண்டால் வகுக்க ஆறு. வாய்பாட்டிற் பிழையில்லை, கூட்டல் பெருக்கலிலும் பிழையில்லை. ஆயினும் விற்பவன் ஒன்றரைச் செவ்வை இழந்துவிட்டான். ஒத்த அளவுடைய முத்துக்களுக்கே அவ்வாய்பாடு பொருந்தும் என்பதும், எனவே சலிப்பு முன்னும் கணக்குப் பின்னும் வரவேண்டும் என்பதும் அறியாதவன் இவ்விழப்பைக் காணவே மாட்டான். படிகளின் ஒழுங்கு, ஒவ்வொரு படியும் எடுத்துக்கொள்ளும் நிபந்தனை, ஒழுங்கு பிறழ்ந்தால் இழப்பவர் யார் என்பன நிரலாக்கப் பாடத்தின் முதன் மூன்று வாரங்களிற் கற்பிக்கப்பட வேண்டியவை. அவற்றுக்குப் பதிலாக முதன்மை எண்களையும் காரணீயத்தையும் கணிக்குமாறு கலைப்பீட மாணவரைப் பணித்துவிட்டு, "இவர்களுக்கு இது ஏறாது" என்று முடிவுகட்டும் விரிவுரையாளர், தம் பாடத்தைப் பற்றியன்றி மாணவரைப் பற்றி எதனையும் நிறுவிவிடவில்லை.

சலாபக் காலத்துப் படிமுறைகள் கண்முன்னே நடந்தன. இன்று அக்கரையின் குடும்பங்களைப் பிரித்துச் சலிக்கும் படிமுறைகள் அவ்வாறு நடப்பதில்லை. 2023ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 'அஸ்வெசும' நலன்புரித் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் ஆறு துறைகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பமொன்றுக்குப் புள்ளியிட்டு, அப்புள்ளியின்படி அக்குடும்பம் உதவிக்கு உரியதா, உரியதாயின் எந்த வகுப்பினது என்று தீர்மானிக்கும் முறை அது. முதற் பட்டியல் வெளிவந்தபோது நாடெங்கும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பழுதான இயந்திரத்தோடு வாடியருகே கிடக்கும் பைபர் படகு ஒரு சொத்தா அல்லது ஒரு கடனா? சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கிக் கரைவலை இழுப்பவனின் வருமானம் எந்த மாதத்தைக்கொண்டு கணிக்கப்படுகிறது? இவை எந்த மீனவக் குடும்பமும் பிரதேச செயலகத்துக்குச் சென்று கேட்கக்கூடிய வினாக்கள். கருமபீடத்தின் உட்புறத்தில் அமர்ந்திருக்கும் உத்தியோகத்தரால் அளிக்கக்கூடிய விடையோ, "கணினி அப்படித்தான் காட்டுகிறது" என்பதே.

அந்த உத்தியோகத்தர் யார்? பெரும்பாலும் கலைப்பட்டதாரி. அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பிரதேச செயலகங்களில் அமர்ந்துள்ளோரில் மிகப்பலர் வரலாறும் தமிழும் புவியியலும் பயின்று வெளியேறியவர்கள். நிரலாக்கம் தமக்கு வேண்டாத பாடமென்று பல்கலைக்கழகத்தில் அறிவுறுத்தப்பட்டவர்களே, நிரலொன்று வழங்கிய தீர்ப்பை மக்களுக்கு வாசித்துச் சொல்லும் தொழிலில் அமர்த்தப்பட்டிருக்கின்றனர் என்பது இந்நாட்டின் விசித்திரங்களுள் ஒன்று. புள்ளியிடும் முறையொன்றிற் குறிகாட்டிகள் யாவும் சமமான நிறையுடையன அல்ல. எதற்கு எவ்வளவு நிறை, எல்லைக்கோடு எங்கே என்பவற்றை எவரோ முன்னர்த் தீர்மானித்துள்ளனர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இத்தகைய விபரங்களை எந்தக் குடிமகனும் கோரலாம். கோரிப் பெற்றபின் என்ன செய்வது? ஒரு கிராம அலுவலர் பிரிவின் குடும்ப விபரங்களைப் பெயர் நீக்கி வைத்துக்கொண்டு, ஒரு நிறையைச் சற்றே மாற்றினால் எத்தனை குடும்பங்கள் கோட்டைத் தாண்டுகின்றன, எத்தனை விழுகின்றன என்று பார்ப்பதற்கு ஐம்பது வரி நிரல் போதும். அவ்வைம்பது வரிகளை எழுதவல்ல பட்டதாரி ஒருவர் அச்செயலகத்தில் இருந்தால், மேன்முறையீடு என்பது அழுகையாக இராது, வாதமாக இருக்கும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் நிற்கும் காற்றாலைகளைப் பற்றிய சச்சரவும் இத்தகையதே. 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாற் கொள்ளளவும் உடைய 'தம்பபவனி' 2020 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் முன்மொழியப்பட்ட அதானி நிறுவனத்தின் திட்டம் நீதிமன்ற வழக்குகளுக்கும் எதிர்ப்புக்கும் உள்ளாகி, 2025 பெப்ருவரியில் அந்நிறுவனமே விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் வேறு காற்றாலைத் திட்டங்களுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கினர். வலசை வரும் பறவைகள் காற்றாலையின் தகட்டில் மோதி மடியும் தொகையைக் கணிப்பதற்குப் பல நாடுகளிற் கையாளப்படும் மாதிரிகள், பறக்கும் உயரம், பறவைத்தொகை, தகட்டின் வேகம் என்பவற்றோடு, பறவை தானாக விலகிக்கொள்ளும் வீதம் என்ற ஓர் எண்ணையும் எடுத்துக்கொள்கின்றன. அவ்வீதம் நூற்றுக்கு 99 என்று கொண்டால் ஒரு விடை வரும். 98 என்று கொண்டால் மரணத்தொகை அப்படியே இரட்டிக்கும். ஒற்றை எண்ணின் சிறு மாற்றம் முடிவையே புரட்டுகின்றது. 2010ஆம் ஆண்டு ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தின் அருகே வாழும் விலங்கியல் மாணவனுக்கு, அறிக்கையின் எப்பக்கத்தில் அந்த எண் ஒளிந்திருக்கிறது என்று தேடத் தெரிந்திருக்க வேண்டாமா? காற்றாலையை ஆதரிப்பவனாயினும் எதிர்ப்பவனாயினும் அவனுக்கு அது வேண்டும்.

இந்நாட்டுத் தமிழ் மாணவருக்கு இவ்வுண்மை ஏனையோரிலும் நன்றாக விளங்கியிருக்க வேண்டும். 1970களிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தல் ஓர் எண்கணித முறை. ஒரு தலைமுறையின் வாழ்வை மாற்றிய முறை. அதனை எதிர்த்தவர்கள் அதன் கணக்கை அறிந்திருந்தார்கள்; பத்திரிகைப் பக்கமொன்றில் எழுதிக்காட்டக்கூடிய கணக்காக அது இருந்தது. பின்னர் வந்த இசற்-புள்ளி முறை அத்துணை எளிதன்று. 2011ஆம் ஆண்டுக் க.பொ.த. உயர்தரப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தின்படி தோற்றியோரையும் புதிய பாடத்திட்டத்தின்படி தோற்றியோரையும் ஒரே தொகுதியாகக் கலந்து புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்று, 2012இல் அக்கணிப்பு இரத்தாகி, இரு தொகுதியினருக்கும் தனித்தனியே கணிக்குமாறு பணிக்கப்பட்டது. வேறு வேறு பெட்டிக்குரிய முத்துக்களைச் சலிக்காமல் ஒன்றாக நிறுத்த அதே பிழை! அரிப்புக் கரையின் வணிகன் செய்யாத தவற்றைக் கணினி வைத்திருந்தோர் செய்தனர். அதனைப் பிழையென்று கண்டு வாதிடச் சிலராவது இருந்தமையாலேயே திருத்தம் கிடைத்தது.

கணினித் துறை சாராதோர்க்கு நிரலாக்கம் கற்பிக்க வேண்டுமென்பது புதிய கூற்றுமன்று. 1961இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் நூற்றாண்டையொட்டி நிகழ்ந்த உரைத்தொடரில் அலன் பெர்லிஸ் என்னும் கணினி அறிஞர், எத்துறை மாணவராயினும் நிரலாக்கம் பயிலவேண்டுமென்று வாதிட்டார். அதே தொடரிற் பேசிய நாவலாசிரியர் சி. பி. ஸ்னோ, கணினியை அறிந்த சிறு குழுவினர் ஏனையோர்க்கு விளங்காத முடிவுகளை எடுக்கும் நிலை நேருமென எச்சரித்தார். ஒருவர் கல்வியின் பக்கமிருந்தும் மற்றவர் ஆட்சியின் பக்கமிருந்தும் பேசினர். மூன்றாண்டுகளின் பின்னர், 1964 மே மாதத்தில், டார்ட்மத் கல்லூரியின் கணித ஆசிரியர்களான ஜோன் கெமனியும் தோமஸ் கேர்ட்சும் 'பேசிக்' மொழியை இயக்கிக் காட்டினர். அம்மொழி கணித மாணவருக்காக ஆக்கப்பட்டதன்று. அக்கல்லூரி மாணவரிற் பெரும்பாலோர் விஞ்ஞானம் பயிலாதவர்கள். நாளை முடிவெடுக்கும் இடங்களில் அமரப்போகின்றவர்களும் அவர்களே. எனவே அவர்களுக்கு விளங்கும் மொழி வேண்டும் என்பதே அவ்விருவரின் நோக்கம். இங்கோ அறுபதாண்டுகள் கடந்த பின்னும் "அது கணிதக்காரரின் பாடம்" என்பது அறிவுரையாக உலவுகின்றது.

இப்போது புதியதொரு தடையுரை கிளம்பியுள்ளது. செயற்கை நுண்ணறிவு கேட்ட மாத்திரத்தில் நிரலை எழுதித் தருகிறதே, மாணவர் அதனைக் கற்பானேன் என்பர். எழுதித் தருகிறது என்பது உண்மை. செவ்வு கணிக்கும் நிரலைக் கேட்டால் நொடியில் தரும். சலிக்காத முத்துக்களின் எடையைக் கொடுத்தாலும் மறுப்பின்றி ஆறு என்று விடை தரக்கூடும். ஒன்றரைச் செவ்வு எங்கே போயிற்றென்று கேட்க வேண்டியவர் மாணவர். கேட்கும் அறிவு நிரலை ஒருமுறையேனும் தன் கையால் எழுதி, அது பிழைக்கக் கண்டு, பிழையைத் தேடித் திருத்திய பழக்கத்தால் வருவது. எழுதுவிக்கும் கருவி பெருகப் பெருக வாசித்துச் சோதிப்போரின் தேவை கூடுமேயன்றிக் குறையாது. மொழிபெயர்ப்புப் பொறி வந்துவிட்டதென்று ஆங்கிலப் பாடத்தைக் கைவிடுமாறு எந்த ஆலோசகரும் கூறுவதில்லை என்பதையும் இங்குக் கருதலாம்.

தரப்புள்ளிச் சராசரி குறையும் என்னும் அச்சம் பொய்யன்று. சிறப்புப் பட்டத்துக்குப் போட்டியிடும் மாணவி ஒரு பாடத்தில் 'சி' பெற்றால் அதன் விலையைச் செலுத்துபவள் அவளேயன்றி அறிவுரை கூறுவோர் அல்லர். இதற்கு மருந்து மாணவியிடம் இல்லை, பீடச் சபைகளிடம் உள்ளது. பிறதுறை மாணவருக்குரிய நிரலாக்க அறிமுகத்தைச் சித்தி அல்லது சித்தியின்மை என மட்டும் பதிவுசெய்து, சராசரிக் கணக்கிலிருந்து நீக்கிவிட வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ புதிய பேராசிரியரோ வேண்டியதில்லை. மாணவருக்கு அப்பாடம் வேண்டாமென்று ஆண்டுதோறும் ஆலோசனை கூறும் விரிவுரையாளர்கள், அந்நேரத்தில் ஒரு பிரேரணையைச் சபையில் முன்வைத்திருந்தால் இப்பிரச்சினை என்றோ தீர்ந்திருக்கும். சொல்லாற்றற் பயிற்சியும் விரிதாளும் முதலாண்டிலேயே கற்பித்துவிட்டோம், அது போதாதா என்று சிலர் வினவக்கூடும். பிறர் எழுதிய கருவியைக் கையாளுவது வேறு. அக்கருவி செய்வதென்ன என்று அறிவது வேறு. அஸ்வெசுமப் படிவத்தை நிரப்பத் தெரிந்த உத்தியோகத்தர் ஏற்கெனவே எல்லாச் செயலகங்களிலும் இருக்கிறார்.

இறுதியாக எஞ்சுவது மொழி. ஆங்கிலத்திற் கற்பிக்கப்படும் பாடம் தமிழ் மொழிமூல மாணவருக்குச் சுமையாகும் என்பது மெய். ஆயின் அதனைத் தமிழிற் கற்பிக்க இயலாதென்பது மெய்யன்று. க.பொ.த. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் தமிழ் மொழிமூலம் கற்பிக்கப்படுகின்றது. கலைப்பிரிவு மாணவரும் அதனை ஒரு பாடமாக எடுக்கலாம். பைத்தன் நிரலாக்கம் அதன் பாடத்திட்டத்திலேயே உள்ளது. பாடசாலை ஆசிரியர் தமிழிற் கற்பிக்கும் ஒன்றைப் பல்கலைக்கழக விரிவுரையாளர் தமிழிற் கற்பிக்க முடியாதென்பது நகைப்புக்குரியது. முத்து அண்ணாமலை ஆக்கிய 'எழில்' கட்டளைச் சொற்களையே தமிழிற் கொண்டுள்ள மொழி. அதனைப் பயன்படுத்த மனமில்லாதோரும் பைத்தன் மொழியில் மாறிகளுக்குத் தமிழெழுத்திற் பெயரிட முடியும். ஆங்கிலத்தில் மனங்கொள்ள வேண்டியவை 35 கட்டளைச் சொற்களும் சில செயற்பெயர்களுமே. எடை, எண்ணிக்கை என்னும் இரு மாறிகளுக்கும் மதிப்பிட்டு, செவ்வு = எடை * எடை * 3 / 4 / எண்ணிக்கை என்று ஒரு வரியை இட்டால், இயந்திரம் அதனை அவ்வாறே ஏற்று விடை தருகின்றது.